இருபது எழுத்துக்குள் ஒரு பெயர்

பிற்பகல் மூன்று பத்து ஆனதும் சுந்தரலிங்கம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிடுவார். மஹ்ரூப் குண்டுவெடிப்பில் இறந்த செய்தி கொள்ளுப்பிட்டி அலுவலகத்துக்கு வந்த நேரம் அது. மகளுக்கு மருந்து வாங்கவேண்டும் என்று அன்று இரண்டரைக்கே புறப்பட்டிருந்தார் மஹ்ரூப். இது நாலாவது மாதம். ஒரு நிமிடம் கழிந்ததும் சுந்தரலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டத் தொடங்குவார்.

இருவரும் பதினாறு வருடம் அருகருகே இருந்து கோபோல் என்ற பழைய கணினி மொழியில் நிரல் எழுதியவர்கள். கப்பல் கம்பனியின் சம்பளம், லீவு, ஊழியர் அட்டை எல்லாம் அந்த மொழியில்தான் ஓடுகின்றன. சுந்தரலிங்கம் திரையை நம்பமாட்டார். நிரலை நீளத் தாளில் அச்சடித்து, வெள்ளவத்தை பஸ்ஸில் மடியில் விரித்து, பென்சிலால் பிழை பிடிப்பார்.

அந்த நிரல்கள் ஆங்கிலத்தில் இருபது எழுத்தோடு பெயரை வெட்டிவிடும். கணபதிப்பிள்ளை சுந்தரலிங்கம், கம்பனி அட்டையில் ‘கணபதிப்பிள்ளை சுந்’ ஆனார்: அப்பாவின் பெயர் முழுதாக, தன் பெயர் துண்டாக. போன வருடம் சோதனைச் சாவடியில், கம்பனி அட்டையும் தேசிய அடையாள அட்டையும் பொருந்தவில்லை என்று மூன்று மணித்தியாலம் இருத்திவைத்தார்கள்.

“ஒபிஸ் ஒங்கட வாப்பாவ மட்டுந்தான் முழுசா வேலைக்கு எடுத்தீக்கி,” என்று சிரித்தார் மஹ்ரூப். மறுநாளே, யாரும் கேட்காமல், இருபதை நாற்பதாக்கத் தொடங்கினார். மொத்தம் முப்பத்தொரு நிரல்கள். இறந்த அன்று இருபத்தாறு முடிந்திருந்தன.

இப்போது கம்பனி ஜாவா என்ற புதிய மொழிக்கு மாறுகிறது. இரண்டு வருடத்தின்பின் கோபோல்காரருக்கு அங்கே வேலை இல்லை.

“அண்ணன், வெள்ளிக்குள்ள ஜாவா ட்ரெய்னிங்குக்குப் பேர் தரணும். கோபோலையே புடிச்சிட்டு ஈந்தா மியூசியத்துலதான் வேல கெடைக்கும்,” என்றார் ஷிப்லி. புதிய பிரிவின் தலைவர், வயது இருபத்தெட்டு.

“அங்க ஏசி இருக்குமோ, தம்பி?”

“பகிடி வேணாம், அண்ணன்.”

“நாப்பத்தேழு வயசில திருப்பியும் ஆனா ஆவன்னா. இங்க பிழை எந்த வரியில கிடக்கெண்டு நித்திரையிலயும் சொல்லுவன். அங்க எல்லாம் உம்மைக் கேட்டுத்தான்.” பக்கத்து நாற்காலியைக் காட்டினார். “மற்றது, மஹ்ரூப்பின்ர மிச்சத்தை ஆர் முடிக்கிறது?”

ஷிப்லி ஜாவாப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்குள் நான்கை முடித்தார் சுந்தரலிங்கம். ஊழியர் அட்டைகள் முதன்முறையாக முழுப் பெயரோடு வந்தன. தன்னுடையதை இரண்டு தரம் வாசித்துச் சட்டைப் பையில் வைத்தார். ஜாவாப் படிவத்தில் கையொப்பமிட்டு ஷிப்லியிடம் கொடுத்தார்.

எஞ்சியது ஒன்று. ஆண்டுவிழாப் பரிசுப் பட்டியலை அச்சிடும் நிரல், அவசரமில்லாதது. அதில் மஹ்ரூப் இருபதை அழித்து, நான்கை மட்டும் தட்டிவிட்டு, மருந்துக்கடைக்குக் கிளம்பியிருந்தார். சுந்தரலிங்கம் அந்த நான்கின் அருகே கர்சரை நிறுத்தி, பூச்சியத்தின் மேல் விரலை வைத்தார். மணி மூன்று பத்து. கையை எடுத்துக்கொண்டார்.

அந்தப் பூச்சியம் இன்னும் தட்டப்படவில்லை.