இரண்டாம் ஷிஃப்ட் மயில்கள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சம். என்னைப் போன்ற ஆள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று படப்பை டீக்கடையில் பக்கத்தில் இருந்தவர் பிஸ்கட்டை டீயில் முக்கினார். அந்த வாசனையில் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பிவிட்டது. யாரிடமாவது சொன்னால்தான் அடங்கும்.

ஓவர்டைம் பார்த்தால் கம்பெனியில் டீயோடு ஒரு பிஸ்கட் பாக்கெட் தருவார்கள். இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிய புதிது. கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்து பிள்ளைப்பாக்கத்தில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். அந்த பிஸ்கட்டை நான் தின்னமாட்டேன். சட்டைப்பையில் நொறுங்கி, கிரீஸ் வாசனையோடு வீடு வந்து சேரும். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. அவர்களும் தொடமாட்டார்கள். எல்லாம் மயிலுக்கு.

வீட்டுக்குப் பின்னால் வீட்டுக்காரர் ஏழுமலையின் கடலைக் கொல்லை. விடிந்ததும் வரப்பில் மயில்கள் வந்து நிற்கும். பிஸ்கட் தூளைத் தூவினால் கிட்டே வரும். அதில் ஒன்று தன் கையிலிருந்து கொத்தித் தின்ன வேண்டும் என்பது மகளின் ஆசை. "நீ பக்கத்துல இருந்தாத்தாம்ப்பா பயமில்ல" என்பாள். நான் இருக்க வேண்டுமே! முதல் ஷிஃப்ட் என்றால் இருட்டிலேயே பஸ் ஏறிவிடுவேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறி, மயில்கள் போயிருக்கும். இரண்டாம் ஷிஃப்ட் வாரத்தில் மட்டும்தான் விடிகாலையில் வீட்டில் இருப்பேன். மயிலிடம் போய் ஷிஃப்ட் மாற்றிக் கேட்கவா முடியும்? சூப்பர்வைசரிடம் கேட்கவே எனக்கு நாக்கு எழாது.

அப்படிக் காத்திருந்து வந்த ஒரு வாரம். முதல் நாளே ஏழுமலை வந்து நின்றார்.

"இன்னா தம்பி, நீ பிஸ்கட்ட போட்டு கூப்புட்றே. அது என் வேர்க்கடலைய நோண்டிக்கினு போவுது. இன்னா நாயம் இது?"

நான் தலையைச் சொறிந்தேன். உள்ளேயிருந்து என் மனைவிதான், மாதாமாதம் கிருத்திகைக்குக் குன்றத்தூர் மலை ஏறுகிறவர் முருகனின் மயிலை விரட்டலாமா என்று கேட்டாள்.

"வாகனம் சாமியாண்ட இருந்தா கும்புடுவேம்மா. என் கொல்லையில அதுக்கு இன்னா வேல?"

கடலை பிடுங்கும்வரை பொறுக்கச் சொன்னார். அதற்கப்புறம் நாங்கள் பிரியாணியே போட்டாலும் கேட்கமாட்டாராம்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் இருந்தும் பிள்ளைகளை உள்ளே பிடித்து வைத்திருந்தேன். மகள் சன்னல் கம்பியில் முகத்தைப் பதித்து நின்றாள். கொல்லையை விற்கப் பேசி முடித்தாகிவிட்டது, இதுதான் கடைசிக் கடலை என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் மனிதர் விடிந்ததும் தகரத்தைத் தட்டி மயிலை விரட்டிக்கொண்டிருந்தார். மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். வாசலில் பார்த்தபோது வணக்கம்தான் வைத்தேன்.

அடுத்த இரண்டாம் ஷிஃப்ட் வாரம் வந்தபோது கடலை பிடுங்கியாகிவிட்டது. ஏழுமலையே ஒரு படி பச்சைக் கடலையைக் கொண்டுவந்து மகளின் பாவாடையில் கொட்டினார். "இப்ப போடு கண்ணு" என்றார்.

தினமும் உரித்துப் போட்டோம். காக்கை தின்றது, அணில் தின்றது. மயில் ஒன்றுகூட வரவில்லை. வெறும் மண்ணாகக் கிடக்கும் கொல்லைக்கு அது ஏன் வரும்? ஏழுமலைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன் பிஸ்கட்டுக்கா வந்துச்சின்னு நெனச்சே?"

ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த கடைசிக் காலை. தூரத்து வரப்பில் ஒரு பெண்மயில் தென்பட்டது. மகள் கடலையோடு கையை நீட்டி, மூச்சுக்கூட விடாமல் நின்றாள். அது தயங்கித் தயங்கிக் கொல்லையின் பாதிவரை வந்தது. பொறுமை போன மகன் சட்டென்று அவள் உள்ளங்கையில் வாயை வைத்துக் கடலையை அள்ளித் தின்றுவிட்டான். அவள் கையை உதற, மயில் பறந்துவிட்டது.

அவனை அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "இவனாச்சும் தின்னானே" என்றாள்.

அந்த இடத்தில் இப்போது ஒரு கிடங்கு நிற்கிறது. லாரிகள் திரும்பும் சத்தம்தான் கேட்கும், மயிலின் சத்தம் கேட்டுப் பல வருடமாகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் எனக்கு முதல் ஷிஃப்ட். கொல்லையை வாங்கியவர்கள் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள் என்று சாயங்காலம் மனைவி சொன்னாள்.