ஆறாம் நம்பர் அளவு

கையுறைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பட்டப்பெயர் நம்பரம்மா. யாராவது கையை நீட்டினால் போதும், எட்டா ஒன்பதா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருடப் பழக்கம். கழுத்தில் தொங்கும் அளவு நாடா மேலாளருக்குக் காட்டத்தான். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள்.

வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வாட்டசாட்டமான ஆள், கல்லைத் தின்றாலும் செரிக்கும். போன வருடம் அவருடைய அண்ணன் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர், அங்கேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அன்றிலிருந்து இவர் இன்னொரு கரண்டி கேட்டாலே அவளுக்குச் சாப்பாடு இறங்காது, கண் அவர் தட்டிலேயே இருக்கும்.

இழுத்துக்கொண்டு போய் ஆயுர்வேத வைத்தியர் முன்னால் உட்கார வைத்தாள். அவர் நாடி பார்த்தார். "ரெண்டு கையையும் சேர்த்து ஏந்தினா எவ்வளவு கொள்ளுமோ, அதுதான் ஒரு வேளைக்கு. வயித்துல பாதி சாப்பாடு, கால்வாசி தண்ணி, மிச்சம் கால்வாசி சும்மா கிடக்கட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தன் இரு கைகளையும் ஏந்தி அளந்து பார்த்து, அதே அளவில் ஒரு கிண்ணம் தேடி எடுத்தாள். மூன்று வேளையும் தலை தட்டி அந்தக் கிண்ணம்தான். அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அதுவே அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும். எங்கே உறுத்தியது? நிம்மதியாக அல்லவா இருந்தது!

மூன்றே வாரம். அவருக்குக் கன்னம் ஒட்டியது, பெல்ட்டில் புதிதாக ஒரு துளை விழுந்தது. "உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நீ வேலையைப் பாரு," என்பார். நேற்று கிரேன் ஏணியில் பாதி உயரத்தில் தலை சுற்றி, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். ஏறிப்போய் இறக்கியிருக்கிறார்கள். நாளை மருத்துவப் பரிசோதனை, அதுவரை வீட்டில்தான். தேறாவிட்டால் கிரேன் பக்கமே விட மாட்டார்களாம். வேலை கிடக்கட்டும், அண்ணன் போன வழியில் இவரும் கிளம்பிவிட்டாரோ என்றுதான் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேலைக்கு வந்தும் அதே நினைப்பு. மேஜையில் பத்தாம் நம்பர் கையுறைக் கட்டு கிடந்தது. தையல் பார்க்க ஒன்றுக்குள் கையை விட்டாள். அவளுடையது ஆறாம் நம்பர் கை. விரல் நுனிகள் வெறுமனே தொங்கின. அவர் போடுவதும் பத்துதான். அவளே பொறுக்கிக் கொடுத்தது. சுருக்கென்றது. யார் கையால் யார் வயிற்றை அளந்தேன்?

அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடினாள்.

"கையை ஏந்துங்க," என்றாள் வீட்டுக்குள் நுழைந்ததும். கிண்ணத்தில் சோற்றை நிரப்பி அவர் கையில் கொட்டினாள். கை பாதிதான் நிறைந்தது.

"பாவி நான், பட்டினி போட்டே கொன்னிருப்பேனே!"

அவர் சிரித்தார். "முதல் நாளே தெரியும். வைத்தியர் சொன்னது என் கையை."

"அப்புறம் ஏங்க சொல்லல?"

"அந்தக் கிண்ணம் வந்தப்புறம்தான் நீ என் தட்டையே பாக்காம நிம்மதியா சாப்பிட்ட. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. இன்னொரு கிண்ணம் கொட்டினாள். கை நிறைந்தது.

"மூணு வாரம் பசியையே மறைச்சிருக்கீங்க. நாளைக்கு நெஞ்சு வலிச்சா மட்டும் சொல்லிடுவீங்களா?"

"பசிக்குது," என்றார் அவர், நிறைந்த கைகளை ஏந்தியபடி.