காளிராஜின் நுரையீரல் சாத்திரம்

அய்யனார் கோவில் சாலையில் காலையில் ஓடும் பையன்களைக் கண்டால் காளிராஜுக்குப் பைக்கின் வேகம் தானாகக் குறைந்துவிடும். கூடவே உருட்டிக்கொண்டு போவார். “ஏலே, ஓடுனா காலுதாம்லே வலுக்கும். நெஞ்சு விரியணும்னா தண்ணில எறங்கணும்.” பையன்கள் மூச்சிரைக்கத் தலையாட்டிவிட்டு ஓடுவார்கள். யாரும் கேட்காத அறிவுரையைச் சொல்லி முடித்த நிறைவோடு அவர் ராஜபாளையத்துக்கு வெளியே இருக்கும் தன் நீச்சல் குளத்துக்குத் திரும்புவார்.

மற்ற விளையாட்டுகள் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. சுந்தரபாண்டியத்துக் கபடிக்காரர்கள் “பாடிப் பாடியே மூச்சை வீணாக்குற பயலுக.” பளு தூக்குகிறவர்கள் “மூச்சை அடக்கி அடக்கி நுரையீரலைச் சுருட்டி வச்சிருக்கவனுக.” கிரிக்கெட் என்றால், “சும்மா நிக்கதுக்கு மூச்சு எதுக்கு?” இதையெல்லாம் எங்கே படித்தார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் வேறொரு சொற்பொழிவு வரும். இத்தனைக்கும் அவருடைய வயிறு சட்டைப் பொத்தான்களோடு மல்லுக்கட்டுகிறது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று ஊர்க்கதை பேசுவார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் இளம் விளையாட்டு வீரர்களுக்கு நுரையீரல் பரிசோதனை முகாம் நடந்தது. எல்லா ஆட்டக்காரர்களும் கருவியில் ஊதினார்கள். நீச்சல் பிள்ளைகளின் நெஞ்சில்தான் காற்று அதிகம் இருந்தது. அவர்களிலும் முதலாவதாக வந்தவள் காளிராஜின் மகள் சத்யப்பிரியா.

முகாமை நடத்திய டாக்டர் பியூலா காளிராஜைத் தனியே அழைத்தார். “சார், கொள்ளளவு ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஊதுற வேகம் குறையுது. மூச்சுக்குழாய் சுருங்குது. குளோரின் ஒத்துக்கலைன்னு நெனைக்கேன். கொஞ்ச நாளைக்குத் தண்ணில விடாதீங்க.”

காளிராஜ் முதல் வாக்கியத்தோடு காதை மூடிக்கொண்டார். மறுவாரம் குளத்து வாசலில் பிளெக்ஸ் முளைத்தது. அதில் மகளின் படம்; பக்கத்தில் பலூன் போல உப்பிய இரண்டு நுரையீரல்கள்.

கோடை வகுப்பு தொடங்கிய அன்று, பெற்றோர் பார்வைக்குத் தண்ணீர் பளிங்காக இருக்க வேண்டும் என்று குளோரின் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தார். கரையில் நின்றாலே கண் எரிந்தது. நீந்திக் காட்ட வேண்டியவள் சத்யப்பிரியா.

“அப்பா, நெஞ்சை அடைக்குது.”

“நடிக்காத ஏட்டி. இம்புட்டு சனம் ஒன்னையத்தான் பாக்க வந்திருக்கு.”

அவள் இறங்கினாள். போகும்போது அழகாகத்தான் போனாள். திரும்பி வரும் வழியில் தடம் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அதுவும் ஒரு வித்தை என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள். காளிராஜுக்கு மட்டும் விளங்கிவிட்டது. சட்டை, செல்போன், கைக்கடிகாரம் எல்லாவற்றோடும் குதித்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆவி மருந்து கொடுத்தார்கள். மூச்சு சீரானது. வராந்தாவில் சொட்டச் சொட்ட நின்று காளிராஜ் அழுதார். அந்த அழுகையில் பொய் இல்லை.

“இனி இவ தண்ணில எறங்க மாட்டா” என்றாள் மனைவி வேலுத்தாய்.

“எறங்க வேணாம்.”

“மத்தவுக பிள்ளைக?”

“அதுகளுக்கு என்ன, அதுக பாட்டுக்கு நல்லாத்தான இருக்குதுக.”

சத்யப்பிரியா இப்போது பள்ளி மைதானத்தில் இறகுப்பந்து ஆடுகிறாள். பிளெக்ஸில் அவள் முகத்தின் மேல் வேறொரு பிள்ளையின் முகம் ஒட்டப்பட்டிருக்கிறது. நுரையீரல்கள் அப்படியே இருக்கின்றன.

சென்ற சனிக்கிழமை பிள்ளைகள் குளத்தில் இறங்குமுன் குழாயடியில் குளித்துவிட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றிருந்தார்கள். காளிராஜ் தோள் துண்டை இரண்டாக மடித்து, மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, குளத்தைச் சுற்றி வந்து தண்ணீரில் குளோரின் பவுடரைத் தூவி முடித்தார். கையை மூன்று முறை கழுவினார். பிறகு துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, பிள்ளைகளை இறங்கச் சொல்லி விசில் ஊதினார்.