துக்க வீடும் தெரு போர்டும்

1. இரண்டு வீடு தள்ளியிருந்த வால்ட்டர் இறந்துவிட்டார் என்று எங்கள் தெருவின் இன்டர்நெட் மெசேஜ் போர்டில் படித்தேன்.
2. அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே போய், அவர் மனைவி டோரதியின் நாற்காலிக்கு அருகே தரையில் உட்கார்ந்தேன்.
3. வெகுநேரம் கழித்து எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.
4. என் வீட்டுக்குள் நுழையும் முன் தோட்டக் குழாயைத் திறந்து கால் கழுவினேன்.
5. பொழுது சாய்வதற்குள் போர்டில் என்னைப் பற்றி ஓர் எச்சரிக்கை வந்திருந்தது.

சாஃப்ட்வேர் டெஸ்டிங் என் வேலை. ஒரு பிழை தெரிந்தால், அதற்கு முன் என்னென்ன செய்தோம் என்று வரிசையாக எழுதுவது பழக்கம். நான் வளர்ந்த டோல்கேட் பக்கத்துச் சந்தில் பிறந்த எவரும் இந்த வரிசையில் பிழை காண மாட்டார்கள். ஒஹாயோவின் இந்தச் சிற்றூரில் இரண்டாவதிலிருந்தே எல்லாம் பிழை.

இங்கே தெருவில் எதிர்ப்பட்டால் கையசைத்துவிட்டுப் போகிறவர்கள், போர்டில்தான் வாய் திறப்பார்கள். குப்பைத் தொட்டியை முந்தின நாளே வெளியே வைத்தது யார், காணாமல் போன பூனை, இலை ஊதும் மெஷினின் சத்தம். ஒருவர் எல்லாவற்றையும் கேபிடல் எழுத்திலேயே அடிப்பார். படிக்கும்போதே காது வலிக்கும். பூனை கிடைத்த பிறகும் பூனைக்காரரைத் திட்டுவது நிற்காது. இந்தச் சண்டைகளுக்கு நடுவே வால்ட்டர் மட்டும் தினமும் தன் தோட்டத்தில் பெய்த மழையின் அளவை எழுதுவார். யாரும் பதில் போட்டதில்லை. டோரதியை எனக்கு வேறு விதத்தில் தெரியும். முதல் பனிக்காலத்தில், உறைந்துபோன வாசற்படியில் இறங்கத் தெரியாமல் நான் நின்றபோது, ஒரு வாளி உப்போடு வந்து தூவிக் காட்டினார். இந்தத் தெருவில் என் வாசல்வரை வந்தவர் அவர் ஒருவர்தான்.

என் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர். அவர் இறந்தபோது நான் இங்கே இருந்தேன். விமானம் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஷாமியானா மட்டும் எங்கள் சந்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. யாரும் யாரையும் அழைத்திருக்கவில்லை; மீன் விற்கப் போன பெண்கள்கூடக் கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டு செல்வி அக்கா அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு, "அய்வாதக்கா... வாணாம், நல்லா அய்துடு. நாங்கல்லாம் கீறோம்ல" என்றார். எழுந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகவில்லை. துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்றால் அந்தத் துக்கத்தை மறுபடி வரச் சொல்வது போல. அம்மாவின் கையை மெல்ல விட்டுவிட்டு நடந்தார்கள். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

வால்ட்டரைப் பற்றிய செய்தியின் கீழே, குடும்பத்தின் தனிமையை மதித்து, கார்டுகளைத் தபால்பெட்டியில் போடும்படி எழுதியிருந்தது. அது முன்பின் தெரியாதவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். நான் அருகே போய் உட்கார்ந்தபோது டோரதி அழவில்லை. என் கையைப் பிடித்து, வளையல்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். வெளியூரிலிருந்து வந்து இறங்கிய மகன் என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா?" என்றான். இந்த நேரத்திலும் உபசரிக்கிறானே என்று நெகிழ்ந்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். 'நீ யார், இங்கே என்ன வேலை' என்பதை இங்கே அப்படித்தான் கேட்பார்கள் என்று அலுவலகத் தோழி பிறகு சொன்னாள்.

போர்டில் வந்தது இதுதான்: தெற்காசியப் பெண் ஒருத்தி துக்க வீட்டுக்குள் நுழைந்தாள், கேட்டதற்குப் பதில் இல்லை, பிறகு இந்தக் குளிரில் வெளியே நின்று வெறுங்காலைக் கழுவிக்கொண்டிருந்தாள், கதவுகளைப் பூட்டி வையுங்கள். இந்த மாதத்தில் வெளிக் குழாயைத் திறந்தால் தண்ணீர் உறைந்து பைப் வெடிக்கும் என்று ஒருவர் பதில் போட்டார். அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் பைப்பைப் பற்றியவை.

அந்தப் பெண் நான்தான் என்று எழுதினேன். ஏன் கேட்காமல் போனேன், ஏன் சொல்லாமல் வந்தேன், ஏன் கால் கழுவினேன் என்று எண் போட்டு விளக்கினேன். 'உங்கள் கலாசாரத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி!' என்று ஒரு பதில், சிரிக்கும் மஞ்சள் முகத்தோடு. பிறகு, போர்டை மேற்பார்க்கும், யாரும் நேரில் பார்த்தறியாத மாடரேட்டர், பேச்சு திசைமாறிவிட்டது என்று அந்த உரையாடலையே பூட்டிவிட்டார். டோரதி கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை; போர்டு வால்ட்டருடையது. நான் எழுதியது டோரதியைத் தவிர எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

காலிங் கார்டில் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாடி அநியாயமா கீது! நீ போய்ட்டு வரேன்னு எதுனா சொல்லிட்டியா?"

"இல்லம்மா."

"வூட்டாண்ட வந்து கால் கய்வுனியா?"

"கழுவினேன்."

"அப்றம் இன்னா பேஜாரு அவுங்களுக்கு? அந்தம்மாவாண்ட நேரா போய்ப் பேசுவியா, டைப் அடிச்சிகினு கீறியே!"

போன் செய்யாமல் யாரும் வீட்டுக்கு வர வேண்டாம் என்று டோரதியின் மகன் போர்டில் எழுதியிருந்ததால் போன் செய்தேன். ஆன்சரிங் மெஷின் எடுத்தது. 'நாங்கள் இப்போது வீட்டில் இல்லை' என்றது வால்ட்டரின் குரல். பீப் சத்தம் வந்ததும் வைத்துவிட்டேன். மறுநாளும் அதே குரல், அதே போல வைத்தேன். அன்று போர்டில் மகன் எழுதினான்: யாரோ போன் செய்து பேசாமல் வைக்கிறார்கள், அம்மா பயந்துபோயிருக்கிறார். அது நான்தான் என்று எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

"அந்தம்மா இப்போ எப்டி கீது?" என்று அம்மா ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். அவள் பக்கம் யாரோ சிரிக்கிறார்கள், யாரோ தண்ணீர் கேட்கிறார்கள். குரலை வைத்தே யாரென்று சொல்லிவிடுவேன். ரிசீவரைக் காதில் வைத்தபடி நான் பார்த்துக்கொண்டு நிற்பது டோரதியின் வீட்டை. கதவு பகலிலும் பூட்டியிருக்கிறது. போர்டில் நான் இன்னும் உறுப்பினர். அவர் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.