ஐகார்ஸின் நாலு பல்

ஐகார்ஸுக்கு மேல் வரிசையில் முன்பல் நாலும் கிடையாது. முதல் இரண்டு கஜகஸ்தானில் போயின. மூன்றாவது பிரான்சில், ஏதோ ஒரு மலையூரில். நாலாவது எங்கள் ஊரிலேயே, சொந்த அணிக்காரன் மட்டை பட்டு. லாட்வியாவில் லியெபாயாவில் பிறந்தவன். ஐஸ் ஹாக்கி ஆடியே பல நாடு பார்த்துவிட்டான். பார்த்தது என்ன, பேருந்து ஜன்னலும் ஐஸ் அரங்கமும்தான். கடைசியாக டென்மார்க்கில் எங்கள் அணிக்குத் தற்காப்பு ஆட்டக்காரனாக வந்து சேர்ந்தான். மனைவியும் மகளும் லியெபாயாவிலேயே இருந்தார்கள்.

நான் அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவன். ஸ்கேட் தீட்டுவேன், நாறுகிற உடுப்புகளைத் துவைப்பேன், பேருந்தில் மூட்டை ஏற்றுவேன். ஆட்டத்தன்று ஐகார்ஸ் என் அறைக்கு வந்து பல் செட்டைக் கழற்றி, என் நீலக் கோப்பையில் போட்டுவிட்டுப் போவான். அதற்கப்புறம்தான் உடுப்பு மாட்டுவான்.

ஜனவரியில் பிராடி என்று ஒரு கனடாக்காரப் பையன் வந்தான். அவனும் தற்காப்பு. ஒரு ஆட்டத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இத்தனை பேர்தான் இறங்கலாம் என்று கணக்கு உண்டு. இப்போது ஒருத்தன் அதிகம். வெளியே உட்காருகிறவனுக்கு அடுத்த வருட ஒப்பந்தம் கிடைக்காது என்று எல்லோருக்கும் தெரியும். 

அந்தச் சனிக்கிழமை ஐகார்ஸ் வழக்கம்போலப் பல்லைக் கழற்றிப் போட்டு என்னிடம் கோப்பையை நீட்டினான்.

"பத்திரம் பெரிசு. போன வாரம் இதுல காப்பிய ஊத்திட்ட."

"சூடா இருந்துச்சுல்ல? நன்றி சொல்லுடா."

கோச் ஸ்டெலன் வாசலில் வந்து நின்றார்.

"ஐகார்ஸ், இன்னைக்குப் பையன இறக்கிப் பார்க்கலாம்னு இருக்கேன்."

"முட்டி நல்லாத்தான் இருக்கு கோச்."

"முட்டியப் பத்தி யாருய்யா பேசினா? கோட்டு இருக்குல்ல? மாட்டிக்கிட்டு மேல போ."

மேலே ஸ்பான்சர்கள் சாப்பிடும் கூடம். ஆடாதவன் அங்கே நின்று, பணம் போட்டவர்களுக்குக் கை கொடுத்துச் சிரிக்க வேண்டும். கோச் போனதும் ஐகார்ஸ் என்னிடம் கையை நீட்டினான்.

"குடு, பல்ல."

"பேசாம வீட்டுக்குப் போடா. தலைவலின்னு நான் சொல்லிக்கிறேன்."

"சிரிக்கிறதும் சம்பளத்துல சேர்த்திதான் பெரிசு."

இடைவேளையில் பீர் பெட்டி கொண்டுபோனபோது பார்த்தேன். ஜன்னல் தொழிற்சாலை முதலாளி ஒரு கையில் சாசேஜோடு அவன் தோளில் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஹாக்கிக்காரனுக்குப் பல்லே இருக்காதும்பாங்க. உனக்கு என்னய்யா, வரிசையா பளபளன்னு இருக்கு?"

"நான் பயந்தாங்கொள்ளி சார். பக் வந்தா குனிஞ்சுக்குவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பக் என்கிற அந்தக் கெட்டி ரப்பர் வட்டைக் காலாலும் விலாவாலும் மறித்தே பிழைத்தவன்.

அப்படியே பிப்ரவரி முழுக்க மேலே நின்றான். மார்ச்சில், உள்ளூரில் கடைசி ஆட்டத்தன்று பிராடிக்குக் காய்ச்சல், வாந்தி. உடுப்பு மாட்டு என்று ஐகார்ஸுக்கு ஆள் அனுப்பினார் ஸ்டெலன். நான் கோப்பையை நீட்டினேன்.

"இரு. மகள்கிட்ட போன்ல பேசிட்டுக் கழட்டுறேன். பல்லு இல்லாம பேசினா அவளுக்குப் புரியாது."

பேசிவிட்டு வந்து கழற்றினான். நன்றாகவே ஆடினான். மூன்றாம் பாகத்தில் ஒரு பக்கைக் கணுக்காலில் வாங்கிக்கொண்டு, நொண்டியபடியே ஆட்டத்தை முடித்தான். ஜெயித்தோம். மற்றவர்கள் குளித்துவிட்டுப் போனார்கள். அவன் கணுக்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

ஸ்டெலன் வந்தார்.

"நல்லா ஆடின. பையனுக்குக் காய்ச்சல் விட்டுருச்சாம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருடத்துக்கான பதில் அதுதான்.

ஐகார்ஸ் காலில் கட்டிய டேப்பை மெதுவாக உரித்தான். நான் பல்லைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் கோப்பையோடு வாங்கிப் பைக்குள் வைத்தான்.

"மாட்டலையா?"

"இங்க யாருக்குச் சிரிக்கணும்?"

கோப்பை என்னுடையது. நான் கேட்கவில்லை.