கிறேஸ் அக்கா கொண்டுவந்த இலக்கம்

பேசாலையில் கடலட்டை அவிப்பதில் கிறேஸ் அக்காவை மிஞ்ச ஆளில்லை. வாயும் அதே சூடுதான். கணவர் எமிலியானுஸ் அண்ணை கடலுக்கடியில் சுழியோடி எடுத்து வருவார்; அக்கா குடலை வழித்து அண்டாவில் போடுவார். இரண்டாயிரத்து ஐந்தில் நான் கடலட்டை இனங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டு வெட்டிக் குப்பியில் போட்டுத் தருவதும் அக்காதான். "இதைத் தின்னப் போறீங்களோ, மிஸ்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்.

துண்டுகள் கொழும்புக்குப் போய் மரபணு எழுத்துகளாகத் திரும்பி வரும். அவற்றை மன்னார் ரவுனில் உள்ள இன்ரநெற் கடையில், வெளிநாட்டுத் தளம் ஒன்றில் போட்டு என்ன இனமென்று தேடுவேன். ஒருநாள் அக்காவும் கூட வந்தார். பாதியில் லைன் அறுந்தது.

"ஐயோ, எல்லாம் போச்சுதோ?"

"இல்லை அக்கா. தேடுறது இந்தப் பெட்டியில்லை, தூரத்தில ஒரு பெரிய கொம்பியூட்டர். இங்க லைன் போனாலும் அங்க வேலை நடக்கும். அது தந்த இலக்கத்தைப் பிறகு போட்டால் மறுமொழி வரும்."

பெரிய மேதாவி மாதிரித்தான் சொன்னேன்.

அடுத்த வருசம் எமிலியானுஸ் அண்ணை காணாமற்போனார். கடலுக்குப் போனவர் கரைக்கு வந்ததைப் பலர் கண்டார்கள். வீட்டுக்கு வந்ததை ஒருவரும் காணவில்லை. அக்கா இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கினார். எங்களிடம் இல்லை என்றார்கள்.

மூன்றாம் மாதம் என்னைத் தேடி இன்ரநெற் கடைக்கே வந்துவிட்டார். கையில் பொலிசில் முறைப்பாடு பதிந்த துண்டு.

"இதில இலக்கம் இருக்கு, மிஸ். போட்டுப் பாருங்கோ."

இது வேறு இலக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்துவிட்டார். கடலட்டை தேடும் அதே தளத்தில் அந்த இலக்கத்தை அடித்தேன். அப்படியொன்று இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் வந்தது.

"என்ன சொல்லுது?"

"இன்னும் தேடுதாம், அக்கா."

"அப்ப இவர் எங்கயோ இருக்கிறார். இல்லாட்டி ஏன் தேடுது?" என்று சிரித்தார்.

அந்தப் பொய்க்காக என்னை நான் மன்னிக்கவேயில்லை. அதன் பிறகு செவ்வாய்தோறும், அந்தோனியார் நவநாள் பூசை முடிந்த கையோடு வருவார். நானும் அடிப்பேன். அதே மறுமொழி, அதே பொய்.

படிப்பு முடிந்து நான் வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று பஸ்ஸடிக்கு வந்து அந்த முறைப்பாட்டுத் துண்டை என் கையில் வைத்தார்.

"போற இடத்திலயும் லைன் இருக்கும்தானே, மிஸ்?"

இருக்கிறது. இங்கே லைன் அறுவதேயில்லை. அக்கா செத்து நாலு வருசமாகிறது. போன செவ்வாயும் அடித்துப் பார்த்தேன்.