மாத்தளையில் மஞ்சளுக்கு அலைந்த வைகாசி

மாத்தளையில் இருந்துகொண்டு மஞ்சளுக்கு அலைந்தேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளைப் பார்ப்பதுபோலத்தான் பார்க்கிறார்கள். மிளகும் கராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் ஊர் இது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் சட்டையில்கூட ஏலக்காய் மணக்கும். போதாக்குறைக்கு என் வீட்டுக்காரருக்கு வேலையே பலாபத்வலையில், ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில். வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் இது கறுவா, இது வனிலா, இது மஞ்சள் என்று காட்டுவார். மஞ்சளைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு நீண்ட பேச்சு உண்டு. கிருமியைக் கொல்லும், புண்ணை ஆற்றும், முகத்தை மினுக்கும் என்று அதையே இங்கிலீசிலும் பேசுவார், ஜெர்மனிலும் பேசுவார்.

கொரோனா வந்த புதிதில் அந்தப் பேச்சை வீட்டிலும் தொடங்கிவிட்டார். தோட்டத்தைப் பூட்டியாகிவிட்டது. கேட்பதற்கு வெள்ளைக்காரர்கள் இல்லை, நானும் மகளும்தான் மிச்சம். ஊரடங்கு போட்ட மறுநாள் காலையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மஞ்சள் தூளைக் கொட்டிக் கலக்கி, வேப்பிலைக் கொத்தால் வாசலிலும் கேட்டிலும், கேட்டைத் தாண்டித் தார் ரோட்டிலும் தெளித்தார். அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் தெருவே அப்படித்தான் இருந்தது. எதிர்வீட்டுச் சிங்கள அம்மா குடம் குடமாக ஊற்றினார். தெரு நாய்களெல்லாம் மஞ்சள் காலோடு திரிந்தன.

"சமையலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றேன்.

"உசுரு இருந்தாத்தானே சமைக்கிறதுக்கு" என்றார்.

தூள் தீர்ந்ததும் மனிதர் நிறுத்தவில்லை. மகளின் கல்யாணத்துக்கென்று நான் தனியாக எடுத்து வைத்திருந்த விரலி மஞ்சளையும் உரலில் போட்டு இடித்துவிட்டார். டப்பாவைத் திறந்து பார்த்தபோது அடியில் ஒரு துண்டுகூட இல்லை. அன்றைக்கு நான் பேசிய பேச்சு எதிர்வீட்டு அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவருக்கு நன்றாகத் தமிழ் தெரியும்.

மகளின் கல்யாணம் பங்குனியில் நடப்பதாக இருந்தது. மாப்பிள்ளையும் அவளும் மாத்தளையில் ஒரே ஆபீசில் வேலை பார்த்துப் பிடித்துப்போனவர்கள். மாப்பிள்ளை வீடு கலேவெலயில். நெல்லும் வெங்காயமும் வாங்கி விற்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் ஆரம்பத்திலிருந்தே அரை மனதுதான். அவருடைய அண்ணன் மகள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். முறைப்பெண், கண்ணுக்கு லட்சணமானவள், அவரை அத்தை அத்தை என்று சுற்றிச் சுற்றி வருகிறவள். மகன் பிடிவாதமாக நின்றதால்தான் எங்கள் வீட்டுக்குத் தட்டோடு வந்தார்கள்.

மண்டபம் மூடப்பட்டுக் கல்யாணம் தள்ளிப்போனபோது சம்பந்தி அம்மா போனில் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "ஒருக்கா தள்ளிப்போனது போதும் சம்மந்தி. வைகாசியில வீட்டோட வச்சிருவோம். ஆனா அதுலயும் ஏதாச்சும் கொறை வந்துச்சின்னா, சாமிக்கு இஷ்டமில்லன்னு நான் விட்டுருவேன். எம் மனசு அப்பிடி."

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து போய்க் கிணற்றடியில் துணி துவைக்க ஆரம்பித்தாள். துவைத்த துணியையே திரும்பவும் துவைத்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"அம்மா, இது நின்னு போச்சின்னா எனக்கு வேற கல்யாணப் பேச்சு எடுக்காதீங்க" என்றாள். என் மகள் சொன்ன சொல் மாறாதவள், அந்த விஷயத்தில் அப்படியே என்னைப் போல.

அப்படித் தொடங்கியதுதான் அந்த மஞ்சள் வேட்டை.

அந்த நாட்களில் கடைக்குப் போவதே ஒரு பெரும்பாடு. முதலில் ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்தினார்கள். சனம் அணை உடைந்ததுபோல ஓடியது. அப்புறம் அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்து வெளியே வரச் சொன்னார்கள். எனக்கு ஒரு நாள், வீட்டுக்காரருக்கு வேறொரு நாள். கல்யாணமான நாளிலிருந்து கடைக்குள் வராமல் வெளியே நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தே பழகியவர், முதல் தடவையாகத் தனியாகச் சாமான் வாங்கப் போனார். பருப்பு வாங்கச் சொன்னால் கடலைப் பருப்போடு வந்தார். கொத்தமல்லி இலைக்குப் பதிலாகப் பார்வைக்கு அதேபோல இருக்கிற அசமோதக இலை ஒரு கட்டு வந்தது. ஆனால் கறுவாப்பட்டையை மட்டும் மோந்து பார்த்து, முதல்தரமானதைத் தேடி எடுத்து வந்தார். கறுவா யார் கேட்டது?

கடை வாசலில் வெள்ளைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள், ஆளுக்கொரு வட்டம். வெயில் ஏறியதும் சனம் வட்டத்தில் பையை வைத்துவிட்டு எதிரே வாகை மர நிழலில் போய் ஒன்றாக நெருங்கி நின்று கதை பேசும். ரோட்டில் பைகளெல்லாம் இடைவெளி விட்டு ஒழுங்காக நிற்கும். பைகளுக்கு நோய் வர வாய்ப்பே இல்லை.

நாங்கள் வழக்கமாக வாங்கும் பலசரக்குக் கடை முஸ்லிம் அண்ணனிடம்தான், எங்கள் வாய்க்கு அவர் நானா, முதலில் கேட்டேன். அவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி விட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, தங்கம் வேணுமின்னா கேளுங்க, அடுத்த கடையில வாங்கித் தாறேன். மஞ்சள் மட்டும் கேக்காதீங்க. வெளிநாட்டுல இருந்து வாறது நின்னு போச்சு. இருந்ததையெல்லாம் நீங்க ரோட்டுல ஊத்திட்டீங்க."

"நான் ஊத்தல நானா. உங்க மச்சான்தான் ஊத்தினாரு."

"எல்லா வீட்லயும் மச்சான்மார்தான் ஊத்தியிருக்காங்க" என்றார் அவர்.

மற்றக் கடைகளில் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் மஞ்சள் இல்லை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே ஓர் இடத்தில், லொறியில் மரக்கறி கொண்டுவந்த ஒருவர் மஞ்சள் தூள் மடித்த பேப்பர் சரை ஒன்றை ஒளித்துக் கொடுத்தார். திருட்டுச் சாமான் வாங்குகிறவள் மாதிரி முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்தேன். வீட்டுக்காரர் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், மோந்தார், நாக்கில் வைத்தார்.

"இது அரிசி மா" என்றார். "கலரு போட்டிருக்கான்."

"மஞ்சளே இல்லையா?"

"இந்தச் சரையில இருக்கிற மஞ்சளை விட நம்ம கேட்டுல கூட இருக்கு."

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. தோட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்குக் காட்டுவதற்கென்று ஒரு பாத்தி மஞ்சள் உண்டே! முதலாளிக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். முதலில் கூச்சப்பட்டார். மகளைப் பார்த்தார், போன் எடுத்தார். முதலாளி நல்ல மனிதர், தாராளமாகத் தோண்டிக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்காரரின் எண்ணுக்குரிய நாள் வந்ததும் மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று கும்பிட்டு அனுப்பி வைத்தேன்.

திரும்பி வரும்போது மண்வெட்டியில் மண்ணே ஒட்டியிருக்கவில்லை. முதலாளியின் அம்மா ஏற்கெனவே ஆள் விட்டு முழுவதையும் கிளறி எடுத்துப் போயிருக்கிறார், மகனுக்கே தெரியாது. பாத்தியில் மூன்று மொழியில் 'மஞ்சள்' என்று எழுதிய பலகை மட்டும் நின்றதாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு பருப்புக்கறி வைத்தேன்.

இதற்கிடையில் கலேவெலயிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது.

"எல்லாம் எடுத்து வச்சிட்டீங்களா சம்மந்தி? நலுங்குக்கு, அட்சதைக்கு மஞ்சள் எல்லாம்?"

"என்ன சம்மந்தி இப்பிடிக் கேட்டுப்புட்டீங்க? மாத்தளையில மஞ்சளுக்கா பஞ்சம்? உங்க பக்கம் இல்லாட்டி சொல்லுங்க, குடுத்து விடுறேன்."

"ஐயோ வேணாம். இங்க மூட்டையில கெடக்கு. தாலிக் கயித்துக்கு, வரிசைத் தட்டுக்கு எல்லாம் நாங்களே கொண்டாருவோம்."

போனை வைத்ததும் வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார். "குடுத்து விடு பாப்போம்" என்பார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அந்த அம்மாவிடம் இல்லை என்ற சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு சொல்லில் மகளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் கொண்டுவருகிற தட்டிலிருந்து இரண்டு துண்டைத் தந்திரமாக எடுத்துச் சமாளித்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கல்யாண நாள் விடிந்தது. பந்தல் இல்லை, மேளம் இல்லை, விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சுகாதாரப் பரிசோதகர் வந்து நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டுப் போனார். கலேவெல வேன் வந்து நின்றது. சம்பந்தி அம்மா பட்டுச் சேலையும், அதே நிறத்தில் தைத்த மாஸ்க்குமாக இறங்கினார். கேட்டிலேயே சவர்க்காரம் போட்டுக் கை கழுவினார். கழுவிய கையாலேயே வரிசைத் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மேலே சிவப்புத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. மகனிடம்கூடக் கொடுக்கவில்லை.

முன்னறையில் ஐயர் உட்கார்ந்து, "பிள்ளையார் பிடிக்க மஞ்சள் கொண்டாங்கம்மா" என்று குரல் கொடுத்தார்.

நான் அடுப்படியில் நின்றேன். கையில் வெறும் கிண்ணம். சம்பந்தியிடம் போய் அந்தத் துணியை அவிழுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். ஆனால் முன்னறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்ததும் இனி ஒரு பொய்யைத் தாங்க எனக்குத் தெம்பில்லாமல் போய்விட்டது. சம்பந்தி அம்மாவை உள்ளே கூப்பிட்டேன். தட்டைப் பிடித்தபடியே வந்தார்.

"சம்மந்தி, எங்க வீட்டுல மஞ்சள் இல்ல. ஒரு துண்டு இல்ல. ஊரெல்லாம் அலைஞ்சும் கெடைக்கல. கொறை வந்தா விட்டுருவேன்னு சொன்னீங்க. எம் புள்ள உங்க மகன நெனைச்சிக்கிட்டு இருக்கா. இனி நீங்க சொல்றதுதான்."

அவர் என்னையே பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது, அதில் என்ன இருக்கிறதென்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் திரும்பி அடுப்படிக் கதவைச் சாத்தினார். தட்டைத் திட்டில் வைத்துச் சிவப்புத் துணியை அவிழ்த்தார். நடுவில் பளபளவென்று மஞ்சள் கிழங்கு. எனக்குப் போன உயிர் வந்தது.

"மோந்து பாருங்க" என்றார்.

எடுத்து மோந்தேன். இஞ்சி. தோல் சுரண்டி, கேக்குக்குப் போடுகிற கலரைப் பூசிக் காயவைத்த இஞ்சி.

"தாலிக் கயித்துக்கும் அதே கலருதான் பூசியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் அரிசி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மூட்டையில கெடக்குன்னு வாய் சொல்லிருச்சு. ஒரு மஞ்சத் துண்டுக்கு வக்கில்லாத வூட்டுக்கா பொண்ணக் குடுக்கிறதுன்னு நீங்க எந்திரிச்சிட்டா என்னா செய்யிறது? பையன் ஒரு வாரமா சரியாச் சாப்பிடல சம்மந்தி. அவன் மொகத்தப் பாக்க முடியாமத்தான் இந்த வேலை பாத்தேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவரையும் அழ வைத்துவிட்டேன். சமூக இடைவெளி என்று வாசலில் ஒட்டியிருந்தது, நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றோம். மாஸ்க் இரண்டும் நனைந்துவிட்டன.

"அப்ப சாமிக்கு இஷ்டமில்லன்னு..." என்று இழுத்தேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இஷ்டமில்லாட்டி ரெண்டு வூட்லயும் ஒரே மாதிரி இல்லாமச் செஞ்சிருக்குமா?" என்றார்.

கதவைத் திறந்துகொண்டு அவர்தான் முதலில் முன்னறைக்குப் போனார். "ஐயரே, எங்க ரெண்டு வூட்லயும் மஞ்சள் இல்ல. சாணியில பிள்ளையார் புடிங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஐயர் ஒன்றும் அலட்டிக்கொள்ளவில்லை. காலையிலிருந்து தனக்கும் அதே யோசனைதான் என்றார். என் மகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள், அப்புறம் மாமியாரைப் பார்த்தாள். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்திருக்கிறாள் போல.

சம்பந்தி அம்மா அவளிடம் போய்க் குனிந்தார். "இனிமே எங்கிட்ட இல்லாதத இல்லன்னு சொல்லணும். நானும் சொல்லுவேன்" என்றார். அட்சதைக்கென்று தட்டில் வைத்திருந்த, மஞ்சள் கலக்காத வெள்ளை அரிசியை எல்லோர் கையிலும் அவரே கொடுத்துக்கொண்டு வந்தார். தாலி ஏறியபோது முதல் பிடியை அவர் போட்டார், அடுத்ததை நான் போட்டேன்.